விலை ஏற்றி விடுபவன்



அன்பார்ந்த நேயர்களே! பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, வெலிமடை எனப் பரந்து கிடக்கும் நமது ஊவா மாகாணத்தின் ஊர்களிலும் தோட்டங்களிலும் இருந்து இவ்வுரையைச் செவிமடுத்த, இப்போது இச்சிறு நூலில் வாசிக்கின்ற சகோதர சகோதரிகளே! இன்று ஓர் அரபுச் சொல்லை உங்கள் முன் வைக்கின்றேன். அச்சொல் 'நஜ்ஷ்' என்பதாகும். அரபு மத்ரஸாக்களில் ஓதும் மாணவர்கள் வியாபாரப் பாடத்தில் இதனை ஓதி, பரீட்சை எழுதி, மறந்து விடுகின்றார்கள். கடைவீதியில் இருப்பவர்களோ இதனைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால், நம் பிள்ளைகளின் கைபேசிகளுக்குள் நாள்தோறும் நடந்து கொண்டிருப்பது இதுவேயாகும்.

அகராதியின்படி இச்சொல் வேட்டையோடு தொடர்புடையது. புதருக்குள் ஒளிந்திருக்கும் பிராணியை ஓசை எழுப்பிக் கிளப்பி, வேட்டைக்காரன் காத்திருக்கும் திசைக்கு விரட்டுவதை அரபிகள் இந்த வேர்ச்சொல்லால் குறித்தனர். ஓசை எழுப்புபவனின் கையில் வில்லும் இல்லை, வாளும் இல்லை. அவன் சத்தம் மட்டுமே போடுகின்றான். வேட்டைப் பங்கு பின்னர் அவனுக்கும் வந்து சேர்கின்றது.

மார்க்கச் சட்டக் கலையில் இச்சொல் சந்தைக்கு வந்தது. ஒரு பொருளை வாங்கும் எண்ணம் எதுவுமின்றி, பிறரை ஏமாற்றுவதற்காகவே அதன் விலையை ஏற்றிக் கேட்பது நஜ்ஷ் ஆகும். நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடை செய்தார்கள் என இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. நமக்குப் பழக்கமான ஓர் இடத்தில் வைத்து இதனைப் பார்ப்போம். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் ஒருவர் உருளைக்கிழங்கு மூடைகளை வைத்திருக்கின்றார். அவருடைய மச்சான், வாங்க வந்தவனைப் போல் நின்று, "இந்தக் கிழங்குக்கு இந்த விலையா? எனக்கு இருபது மூடை வேண்டும்" என்று சத்தமாகக் கேட்கின்றார். அருகில் நிற்கும் அப்பாவி, இவ்வளவு பேர் விரும்பும் பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, அவசரமாக அதைவிடக் கூடிய விலையைக் கேட்கின்றார். மச்சான் மெதுவாக நகர்ந்து விடுகின்றார். இவ்வளவுதான் நஜ்ஷ்.

இவ்விடத்தில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சட்டம் உண்டு. விலை ஏற்றி விட்டவன் பாவி என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எனினும், அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் அந்த வியாபாரத்தை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? சில இமாம்கள் அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கின்றனர். இமாம் நவவி (ரஹ்) அவர்களோ தமது 'மின்ஹாஜ்' என்னும் நூலில், மிகச் சரியான கருத்தின்படி அவருக்கு அவ்வுரிமை இல்லை என்று எழுதியுள்ளார்கள். அவர் அப்பொருளைப் பற்றி அறிந்தவர்களிடம் விசாரிக்காமல் அலட்சியமாக இருந்து விட்டார் என்பதே அதற்கு விளக்கவுரையாளர்கள் தரும் காரணமாகும். இது கடுமையான சட்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில், இது வாங்குபவரின் தலையில் ஒரு கடமையைச் சுமத்துகின்றது. புகழ்பவன் யார், அவனுக்கு என்ன கிடைக்கின்றது என்று கேட்பது வாங்குபவரின் பொறுப்பாகும். நம் வீடுகளில் இன்று கேட்கப்படாத கேள்வி இது ஒன்றுதான்.

2023ஆம் ஆண்டு நடந்ததை எடுத்துக் கொள்வோம். எம்.டி.எஃப்.ஈ. என்ற பெயரில் ஒரு செயலி நம் நாட்டிலும், பங்களாதேஷிலும், நைஜீரியாவிலும் பரவியது. கைபேசியில் அதனை இறக்கி, டொலர் கணக்கில் பணம் வைத்தால், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உலகச் சந்தைகளில் உங்களுக்காக வியாபாரம் செய்யும் என்று சொல்லப்பட்டது. நீங்கள் எதனையும் கற்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். திரையில் நாள்தோறும் இலாபம் ஏறியது. உறவினரையும் நண்பரையும் சேர்த்து விட்டவர்களுக்குத் தரகும், பெரிய பதவிப் பெயர்களும் கிடைத்தன. ஆகஸ்ட் மாதம் வந்தது. பணத்தை எடுக்க முடியவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கின்றோம் என்றார்கள். பின்னர் கணக்குகளில் இருந்த தொகைகள் பூச்சியத்துக்கும் கீழே இறங்கின. நட்டம் ஏற்பட்டு விட்டது, நீங்கள்தான் எங்களுக்குக் கடன்பட்டிருக்கின்றீர்கள் என்று திரை கூறியது! அதே மாதத்தில் இலங்கை மத்திய வங்கி, 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் இதனைத் தடை செய்யப்பட்ட திட்டமாக அறிவித்தது. 'ஸ்போர்ட்ஸ் செயின்', 'ஒன்மெக்ஸ் டீ.டி.' முதலிய பெயர்களும் மத்திய வங்கியின் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளன. பட்டியல் வெளிவந்தபோது பணம் போய் விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் பெரும்பாலும் ஜனாஸாவுக்குப் பிறகே வந்து சேர்கின்றது.

இளைஞர்களே, உங்களில் கணிதம் படித்தவர்கள் பலர் இருக்கின்றீர்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருள் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒரு வீதம் இலாபம் தருகின்றது என்று வைத்துக் கொள்வோம். கேட்பதற்குச் சிறிய தொகைதான். அந்த இலாபத்தை எடுக்காமல் முதலோடு சேர்த்துக் கொண்டே போனால், 10,000 ரூபாய் ஓராண்டில் ஏறத்தாழ 3,78,000 ரூபாயாகும். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒரு கோடியே நாற்பத்திரண்டு இலட்சத்தைத் தாண்டும். இத்தகைய இயந்திரம் ஒருவனிடம் உண்மையாகவே இருக்குமாயின், அவன் தன்னிடமுள்ள பத்தாயிரத்தை அதில் போட்டு விட்டு இரண்டு ஆண்டுகள் உறங்கியிருப்பான். பசறையில் ஓட்டோ ஓட்டும் உங்களுடைய பணம் அவனுக்கு எதற்கு? தோட்டத்து லயத்தில் வாழும் சகோதரியின் காதணி அவனுக்கு எதற்கு?

மற்றொரு கணக்கும் உண்டு. ஒருவர் இருவரைச் சேர்க்க வேண்டும். அவ்விருவரும் ஆளுக்கு இருவரைச் சேர்க்க வேண்டும். இவ்வாறு பத்தொன்பது படிகள் இறங்கினால் மொத்தம் 10,48,575 பேர் தேவைப்படுகின்றார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை, தொட்டில் குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 8,15,000 ஆகும். இறுதிப் படியில் நிற்பவருக்குச் சேர்ப்பதற்கு ஆளே கிடைக்காது. இறுதிப் படியில் இருப்பவர்களோ எப்போதும் மொத்தத்தில் பாதிக்கும் அதிகமானவர்கள். எனவே, பாதிப் பேர் ஏமாறுவது விபத்தன்று. கணக்கே அவ்வாறுதான் போடப்பட்டிருக்கின்றது.

நமது தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நீங்கள் நின்று பார்த்திருப்பீர்கள். சாக்குக்கு என்று ஒரு கழிவு, மழை நாளாயின் தண்ணீருக்கு என்று ஒரு கழிவு. அரைக் கிலோ கூடுதலாக வெட்டப்பட்டாலும் பெண்கள் தராசின் அருகிலேயே நின்று வாதாடுகின்றார்கள். அது அவர்களுடைய உரிமை. முதுகெலும்பு வளையப் பறித்த கொழுந்தல்லவா! 2023இல் அவர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய். அப்போது டொலர் ஒன்று ஏறத்தாழ 320 ரூபாய். ஆகவே, செயலியில் நூறு டொலர் வைப்பது என்றால், முப்பத்திரண்டு நாட்கள் மலையேறிப் பறித்த கொழுந்தை வைப்பதாகும். அரைக் கிலோவுக்குத் தராசைப் பார்ப்பவர்கள், முப்பத்திரண்டு நாட் கொழுந்தைத் தராசே இல்லாத இடத்தில் எவ்வாறு கொட்டினார்கள்? காரணம் இதுதான்: செயலியில் நிறுப்பவனும் அவனே, முள்ளை நகர்த்துபவனும் அவனே. திரையில் தோன்றிய இலாபம் எந்தச் சந்தையிலும் சம்பாதிக்கப்பட்டது என்பதற்கு அந்தத் திரையைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. முதலில் சேர்ந்தவர் ஒரு சிறு தொகையை எடுத்துக் காட்டியபோது, அதுவே ஊருக்குப் போதுமான அத்தாட்சியாகி விட்டது. அவர் எடுத்தது அடுத்து வந்தவரின் பணம் என்பதை யாரும் கேட்கவில்லை.

ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி செய்யாத வியாபாரியை அவர்கள் கண்டித்ததையும் நாம் அறிவோம். இந்நிகழ்வை ஓதும்போதெல்லாம் ஈரக் கொழுந்தின் நினைவே எனக்கு வருகின்றது. நபியவர்கள் குவியலின் மேற்பரப்பைப் பார்த்து விட்டுப் போகவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

உடனடித் தீர்வு என்று சொல்லி மென்பொருள் விற்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'சொஃப்ட்ரேம் 95' என்றொரு மென்பொருள் வந்தது. கணினியின் நினைவகத்தை வன்பொருள் எதுவும் வாங்காமலே இரட்டிப்பாக்கும் என்றார்கள். அக்காலத்தில் நினைவகம் விலையுயர்ந்த பொருள் ஆதலால், ஆறு இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின. நிபுணர்கள் அதனைப் பிரித்து ஆராய்ந்தபோது, அது சொன்ன வேலை எதனையும் செய்யவில்லை என்பது வெளிப்பட்டது. 1996இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2019இல் அதே ஆணைக்குழு இன்னொரு வழக்கைத் தீர்த்தது. 'ஒஃபிஸ் டிப்போ' என்ற பெரிய கடைத்தொடரும் அதற்கு மென்பொருள் வழங்கிய 'சப்போர்ட் டொட் கொம்' நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டன. வாடிக்கையாளரின் கணினியை இலவசமாகப் பரிசோதிக்கின்றோம் என்றார்கள். பரிசோதனைக்கு முன் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இயங்குகின்றதா, அடிக்கடி நின்று விடுகின்றதா என்பன போன்றவை. ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறியிட்டால் போதும், தீய மென்பொருளின் அறிகுறி உண்டு என்று திரை அறிவித்து விடும். நோயாளி தலைவலி என்று சொன்னதையே திருப்பிச் சொல்லி, நாடியும் பாராமல் மருந்து விற்ற வைத்தியனைப் போல. "உங்கள் கைபேசியில் பதினேழு வைரஸ்கள் உள்ளன, இங்கே அழுத்தவும்" என்று உங்களுக்கு வருகின்ற எச்சரிக்கைகளும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. கடலுக்கு அப்பாலுள்ள ஒருவன் உங்கள் கைபேசிக்குள் இருப்பதை எவ்வாறு எண்ணினான்?

இனி, பங்குச் சந்தைக்கு வருகின்றேன். பங்கு வாங்குவதே ஹராம் என்று நான் சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்துகின்றேன். அனுமதிக்கப்பட்ட தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தில் கூட்டாளியாவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. அதன் நிபந்தனைகள் தனியாகப் பேச வேண்டியவை. நான் பேசுவது, கூலி வாங்கிக் கொண்டு பங்கைப் புகழ்பவர்களைப் பற்றியாகும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம், 'சாதனா புரோட்காஸ்ட்' என்ற சிறிய தொலைக்காட்சி நிறுவனத்தின் பங்குகளைப் பற்றி யூடியூபில் காணொளிகள் வந்தன. ஒரு பெரும் வர்த்தகக் குழுமம் அதனை வாங்கப் போகின்றது என்றும், அமெரிக்க நிறுவனமொன்றோடு பெரிய ஒப்பந்தம் வரப் போகின்றது என்றும் அவற்றில் சொல்லப்பட்டது. அவை பொய்யான செய்திகள். இக்காணொளிகள் பலரைச் சென்றடைவதற்காகப் பணம் கொடுத்து விளம்பரமும் செய்யப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரமாக இருந்த சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை ஐம்பத்தையாயிரத்தைத் தாண்டியது. அவர்கள் வாங்க வாங்க, முன்னரே பங்குகளை வைத்திருந்தவர்கள் உயர்ந்த விலைக்கு விற்றுக் கொண்டிருந்தார்கள். இந்தியாவின் ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2023 மார்ச் மாதம் 31 பேரைச் சந்தையில் ஈடுபடாதவாறு தடுத்தது. ஒரு பிரபல திரைப்பட நடிகரும் அவர்களுள் ஒருவர். 2025 மே மாதம் இறுதிக் கட்டளையில் அபராதங்களும் தடைகளும் விதிக்கப்பட்டன. கெப்பெட்டிப்பொலவில் நின்று சத்தமிட்ட மச்சானை நினைத்துப் பாருங்கள். அவருடைய குரல் சில பேருக்கே கேட்டது. காணொளியின் குரல் அரை இலட்சம் பேரைப் புதரிலிருந்து கிளப்பியது.

நமது கொழும்பிலும் இவ்வாறான ஒரு காலம் இருந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பின் பங்கு விலைகள் பாய்ந்து ஏறின. 2011 பெப்ரவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 7,800ஐத் தாண்டியது. 2012இன் நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே விழுந்தது. விலைகளைச் செயற்கையாக ஊதியவர்களைப் பற்றிய விசாரணைகள் நடந்து கொண்டிருந்த அக்காலத்திலேயே, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவியாயிருந்த இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஆகஸ்டில் விலகினார். காவலாளிகளே நிலைக்க முடியாத தோட்டத்தில், வட்ஸ்அப்பில் வந்த ஒரு 'இரகசியத் தகவலை' நம்பி இறங்கும் பண்டாரவளைப் பிள்ளையின் நிலை என்னவாகும்? இரகசியம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றதென்றால், அது உங்களிடம் விற்கப்படுவதற்காகவே வந்திருக்கின்றது.

பெற்றோர்களே! பிள்ளைகளை மட்டும் குறை கூறி விட்டு நாம் எழுந்து போக முடியாது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது, செப்டெம்பர் மாதத்துக் கொழும்புப் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. மாதச் சம்பளம் மாதத்தின் நடுவிலேயே முடிந்தது. உயர்தரம் படித்து விட்டு வேலையின்றி இருந்த மகனிடம், "பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டாருக்குப் போய் வீடு கட்டி விட்டான்" என்று நாம்தான் நாள்தோறும் சொல்லிக் கொண்டிருந்தோம். அவன் கைபேசியில் ஒரு குறுக்கு வழியைக் கண்டபோது, அதனை விசாரிக்கும் அறிவும் பொறுமையும் நம் வீட்டில் இருக்கவில்லை. சில வீடுகளில் தாயே வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். இலாபம் வந்த மாதங்களில் "எங்கிருந்து வருகின்றது?" என்று கேட்காத வாப்பா, நட்டம் வந்த பின் மகனை வீட்டை விட்டுத் துரத்துவதில் என்ன நியாயம் இருக்கின்றது? அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றும் கடனை மறைத்துக் கொண்டு வாழ்கின்றார்கள். இரவில் உறக்கமில்லாத மகன் உங்கள் வீட்டில் இருப்பானாயின், முதலில் அவனை அருகில் அமர்த்தி, எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஏச்சுக்கு நாளை நேரம் உண்டு.

பாதிக்கப்பட்ட இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முதலில் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று இப்போது அழைப்புகள் வருகின்றன. ஒருமுறை ஏமாந்தவர்களின் பெயரும் இலக்கமும் இவர்களுக்கு ஒரு சொத்து. எனவே, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்களிடமுள்ள பற்றுச்சீட்டுகள், திரைப் பிரதிகள், உங்களைச் சேர்த்தவரின் விபரங்கள் ஆகியவற்றோடு பொலிஸில் முறையிடுங்கள்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று, ஜும்ஆவுக்குப் பின் எல்லோரும் கலைந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றது. "மௌலவி, நானும் இழந்தேன்தான். ஆனால் மாமியையும் கூட்டாளிகளையும் நான்தான் சேர்த்து விட்டேன். அதற்கு எனக்குத் தரகு கிடைத்தது. அது எனக்கு ஆகுமா?" இக்கேள்வியைக் கேட்கும் இளைஞனை நான் மதிக்கின்றேன். பதில் அவனுக்கு இனிப்பதில்லை. அந்தத் தரகு அவனுக்கு ஆகாது. அவன் சத்தமிட்டதால்தான் மாமி புதரிலிருந்து வெளியே வந்தார். தானும் உண்மை என்று நம்பியே சொன்னதாக அவன் கூறலாம். வேண்டுமென்றே ஏமாற்றிய பாவம் அவன் மீது இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அவன் கைக்கு வந்த பணம் மாமியின் பணமே. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட விடயத்தில், உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதும் அல்லது அவர் மனமுவந்து மன்னிப்பதும் தௌபாவின் நிபந்தனைகளுள் அடங்கும். இரவு முழுவதும் தொழுதாலும் மாமியின் கணக்கு அப்படியே நிற்கும். தன் முதல் போய் விட்டதே என்பதை மாமியிடம் கழித்துக் கொள்ளவும் அவனுக்கு உரிமை இல்லை. அவனுடைய முதலை எடுத்தவர் மாமி அல்லவே.

முழுத் தொகையும் கையில் இல்லாதவர், சேர்த்து விட்ட ஒவ்வொருவரின் பெயரையும், அவர் மூலம் தமக்குக் கிடைத்த தொகையையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். பின்னர் அவர்களிடம் நேரில் சென்று, மாதம் இவ்வளவு என்று பேசிக் கொள்ளட்டும். பேசியதை எழுதி, இருவரைச் சாட்சியாக வைத்துக் கையொப்பமிட வேண்டும். சேர்த்து விட்டவர்களுள் முஸ்லிமல்லாத தோட்டத்துச் சகோதரர் இருந்தாலும் இதுவே சட்டம். அவருடைய உரிமை சற்றும் குறைந்ததன்று. "அவர் இப்போது உயிரோடு இல்லை, யாரிடம் கொடுப்பது?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அத்தொகையைப் பற்றி அறியாதிருந்தாலும் கொடுக்க வேண்டும்.